அட்டவணையில் அடங்காத கை

மாசி, பங்குனியில் தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் திண்ணையிலும் மரத்தடியிலும் பெண்கள் புளி தட்ட உட்கார்ந்துவிடுவார்கள். முன்னால் ஒரு கல், பக்கத்தில் ஒரு குவியல். இடது கை பழத்தைக் கல்லின் மேல் பிடித்துக்கொள்ளும். வலது கை தட்டும். ஓடு நொறுங்கியதும் அதைத் தள்ளிவிட்டு நாரை உருவி, சதையைப் பிளந்து, கொட்டையைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நெம்பி வெளியே தள்ளும். கண் அதைப் பார்ப்பதுகூட இல்லை. விரல் நுனிக்கே கொட்டை எங்கே இருக்கிறது என்று தெரியும். கூலி கிலோக் கணக்கு. எத்தனை கிலோ என்பதை முடிவுசெய்வது அந்த இரண்டு விரல்களின் வேகம். அந்த ஆள்காட்டி விரலின் நுனிக்கணு ஒரு இயந்திரத்தில் சிக்கிப் போய்விட்டது என்றால் அந்தக் கை இழந்தது எவ்வளவு? நமது இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் அதற்கு ஒரே பதில்தான் உண்டு: 9 சதவீதம். இழந்தவர் புளி தட்டுகிறவரா, பத்திரம் எழுதுகிறவரா, பாடம் நடத்துகிறவரா என்று அட்டவணை கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் நியாயம் என்றும், மருத்துவர் போட்ட சதவீதமே அறிவியல் என்றும், அதற்கு மேல் கேட்பது இரக்கத்தைக் காசாக்கும் முயற்சி என்றும் ஒரு கருத்து நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களின் வாதங்களில் அது இருக்கிறது. ஆலை முதலாளிகளின் பேச்சில் இருக்கிறது. “கை இருக்குதே, ஒரு விரல்தானே போச்சு” என்று ஆறுதல் சொல்ல வரும் உறவினர் வாயிலும் இருக்கிறது. அந்தக் கருத்து தவறு என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம். உடல் எல்லோருக்கும் ஒன்று. விரல் எல்லோருக்கும் ஒன்று. ஆகவே ஒரே காயத்துக்கு ஒரே மதிப்பு. மருத்துவர் உடலைப் பார்க்கிறார், அளக்கிறார், எண்ணைச் சொல்கிறார். அந்த எண்ணுக்கு வெளியே போனால் ஒவ்வொரு நீதிபதியும் ஒவ்வொரு அதிகாரியும் தம் மனம்போல் ஒரு தொகையைச் சொல்லத் தொடங்குவார்கள். நடிப்பவனுக்கு லாபம், நேர்மையானவனுக்கு நட்டம். இது வெறும் கஞ்சத்தனத்தின் குரல் இல்லை. சமத்துவம், அறிவியல், ஒழுங்கு என்ற மூன்று நல்ல சொற்கள் இதற்குத் துணை நிற்கின்றன. அதனால்தான் இதைப் பொருட்படுத்தி மறுக்க வேண்டியிருக்கிறது.

அறிவியல் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையைக் கையில் எடுத்துக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் முழுதும் போனால் 12. இரண்டையும் கூட்டினால் 26. ஆனால் அதே அட்டவணையில் ‘ஒரு கையில் இரண்டு விரல்கள் இழப்பு’ என்று தனி வரி இருக்கிறது, அதற்கு 20. ஆக, பவர் பிரஸ்ஸில் இந்த இரண்டு விரலும் ஒரே அடியில் போனவருக்கு, தனித்தனியாகக் கூட்டி வருவதைவிட 6 குறைவு. மறுபக்கம், மோதிர விரலுக்கு 7, சுண்டுவிரலுக்கு 7, கூட்டினால் 14. ஆனால் இரண்டு விரல் வரியின்படி இவருக்கும் அதே 20. எந்த இரண்டு விரல் என்ற கேள்வியே அங்கே மறைந்துபோகிறது. நான்கு விரல்களையும் தனித்தனியாகக் கூட்டினால் 40. நான்கு விரல் வரியில் இருப்பது 50. பெருவிரலின் நுனிக்கணு மட்டும் போனாலும் 20, வேறு இரண்டு விரல் முழுதாகப் போனாலும் 20. 30 வயதில் மாதம் 15,000 ரூபாய் ஊதியம் வாங்கும் ஒருவருக்குச் சட்டத்தின் காரணி 207.98; ஊதியத்தின் 60 சதவீதத்தை அதனால் பெருக்கினால் முழு இழப்புக்கு 18,71,820 ரூபாய் வருகிறது. அந்தக் கணக்கில் 26-க்கும் 20-க்கும் உள்ள இடைவெளி ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். தன்னோடு தானே ஒத்துப்போகாத ஒரு அளவுகோலை அறிவியல் என்று சொல்ல முடியாது. அது ஒரு ஏற்பாடு. யாரோ ஒரு காலத்தில் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட எண்கள். ஏற்பாடு தேவைதான், ஆனால் ஏற்பாட்டை இயற்கை விதியாக நினைத்து வணங்கத் தேவையில்லை.

அந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதும் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. தோள் முனையிலிருந்து 20.32 சென்டிமீட்டர், முழங்கை முனைக்குக் கீழே 11.43 சென்டிமீட்டர் என்று கை வெட்டுப்பட்ட இடங்களை அது குறிக்கிறது. எந்த மருத்துவரும் இப்படி நூறில் ஒரு பங்கு சென்டிமீட்டர் வரை கையை அளப்பதில்லை. அவை எட்டு அங்குலமும் நாலரை அங்குலமும்; அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்றியபோது அப்படியே ஒட்டிக்கொண்ட பின்னங்கள். பிரிட்டனின் தொழிற்காய உதவித் திட்டத்திலும் பெருவிரலுக்கு 30, ஆள்காட்டிக்கு 14, நடுவிரலுக்கு 12, மற்ற இரண்டுக்கும் 7 என்ற இதே எண்கள்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே அந்த எண், காயம்பட்டவரை அதே வயதும் பாலும் கொண்ட நலமான ஒருவரோடு ஒப்பிட்டு, உடலின் ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் சொல்வது. அவர் என்ன வேலை செய்தார் என்பதை அதில் பார்க்கக் கூடாது என்றே விதி. ஏனென்றால் வேலை போனதற்கும் கூலி குறைந்ததற்கும் 1948-இல் திட்டம் தொடங்கியபோதே தனியாக ஒரு உதவித்தொகையை அவர்கள் வைத்திருந்தார்கள். இங்கே அதே எண்களுக்கு மேல் ‘சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதம்’ என்று தலைப்பு எழுதியிருக்கிறோம். உடலின் குறையை அளக்கச் செய்த கோலை எடுத்து வயிற்றின் குறையை அளக்கிறோம். தலைப்பு மாறியது, கோல் மாறவில்லை. இந்த ஒரு பிழையிலிருந்துதான் மற்ற அநீதிகள் எல்லாம் கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

கை என்பது ஐந்து விரல்களின் கூட்டுத்தொகை இல்லை என்பதை அதிகம் படிக்காமலேயே இந்த மாவட்டத்து உழைப்பாளிகள் அறிவார்கள். மண்வெட்டியை ஓங்கும்போது பிடி நழுவாமல் காப்பது சுண்டுவிரலும் மோதிர விரலும் இருக்கும் பக்கம். பெருவிரல் திசை காட்டும். அந்த ஓரத்து இரண்டு விரல்களே காம்பை உள்ளங்கையோடு இறுக்கிப் பூட்டும். கரும்பு வெட்டுகிறவரின் அரிவாளும் அப்படித்தான். பாலக்கோட்டிலும் அரூர் அருகே கோபாலபுரத்திலும் இருக்கும் இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் கரும்பு பெரும்பாலும் ஒரு கை பிடிக்க மறு கை வெட்டிய கரும்பு. பால் கறக்கும்போது பெருவிரலும் ஆள்காட்டியும் காம்பின் மேல்பக்கத்தை அடைக்க, அடுத்தடுத்த விரல்கள் வரிசையாக மூடிக்கொண்டே கீழே இறங்கும். கடைசி விரல் மூடாவிட்டால் பால் முழுதாக இறங்காது, மாடும் நிற்காது. கட்டட வேலையில் தண்ணீர் வாளியைத் தூக்க விரல்கள் கொக்கிபோல் வளைந்து நின்றால் போதும், பெருவிரல் இல்லாமலும் தூக்கலாம்; ஆனால் கொத்தனாரின் கரண்டியைப் பெருவிரல் இல்லாமல் திருப்ப முடியாது. ஆக ஒரே விரல் ஒரு வேலையில் அதிகாரி, இன்னொரு வேலையில் உதவியாள். சுண்டுவிரலுக்கு 7 என்று போட்டவர் மேசையில் பேனா பிடித்த கையை நினைத்துப் போட்டிருக்கலாம். பேனாவுக்குச் சுண்டுவிரல் அவ்வளவாக வேண்டியதில்லை. மண்வெட்டிக்கு வேண்டும். அட்டவணை வலது கை, இடது கை என்றுகூடப் பிரிப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமானது, வெட்டுப்படாத கையின் கதை. அட்டவணை கண்ணால் பார்ப்பது சதையும் எலும்பும் போன இடத்தை மட்டும். உறுப்பு இருந்தும் அதன் பயன் அறவே போய்விட்டால் உறுப்பே போனதாகக் கொள்ளலாம் என்று அடியில் ஒரு குறிப்பு உண்டு. ஆனால் பாதி போனதற்கு வரி இல்லை. மணிக்கட்டின் உள்பக்கம் ஆழமாக வெட்டுப்பட்டு நடு நரம்பு அறுந்துபோன கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து விரலும் இருக்கும். பார்க்க நல்ல கை. ஆனால் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளில் உணர்ச்சி இருக்காது. தருமபுரியின் பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் கூடுகள் நூற்பவர் கைக்குப் போனதும் நடப்பதைக் கவனித்தால் இந்த இழப்பின் பொருள் புரியும். வெந்நீரில் வெந்த கூட்டின் மேல் இழையின் முனையைத் தேடி எடுப்பதும், ஓடிக்கொண்டிருக்கும் இழை அறுந்தால் புது முனையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் விரல் நுனியின் வேலை. தலைமுடியைவிட மெல்லிய அந்த இழையைக் கண் பிடிப்பதற்கு முன் தோல் பிடித்துவிடும். அந்தத் தோல் மரத்துப்போனால் அங்கே அந்தக் கைக்கு வேலை இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைப் பற்றி ஆராய்ந்த பால் பிராண்ட் நமக்குச் சொல்லித் தந்த பெரிய பாடமும் இதுவே. விரல்கள் நோயால் தாமாக உதிரவில்லை. உணர்ச்சி போனதால் சூட்டையும் வெட்டையும் அழுத்தத்தையும் அறியாமல் திரும்பத் திரும்பக் காயம்பட்டே அழிகின்றன என்று அவர் காட்டினார். மரத்த கை ஒரு முறை இழந்த கை இல்லை; அடுப்படியில் தினமும் கொஞ்சம் இழந்துகொண்டிருக்கும் கை. அதற்கு அட்டவணையில் வரி இல்லை.

வேடிக்கை என்று சொல்ல மனம் வரவில்லை, வேதனை என்னவென்றால், இதையெல்லாம் நம் அரசு அறியாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான சான்றிதழ் வழங்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டு முறைகளில் கையை அளக்கும் பகுதி பெரும்பாலும் நல்ல முறையில் சிந்திக்கப்பட்டது. அங்கே கையின் மதிப்பு 90. அதில் பிடிக்கும் திறனுக்கு 30, உணர்ச்சிக்கு 30, வலுவுக்கு 30. பிடிப்பதிலும் பெருவிரல் ஒவ்வொரு விரலையும் எதிர்த்துத் தொடுவதற்கு ஒரு மதிப்பு, சாவியைப் பிடிப்பதுபோன்ற பக்கவாட்டுப் பிடிக்கு ஒன்று, உருளையான பொருளைப் பற்றுவதற்கு ஒன்று, பந்து போன்றதைப் பற்றுவதற்கு ஒன்று, கொக்கிப் பிடிக்கு ஒன்று. பெருவிரலின் உணர்ச்சி முழுதும் போனால் 9, ஆள்காட்டிக்கு 6. அதாவது வெட்டுப்படாத கையும் இழக்கும் என்பதை அந்த முறை ஒப்புக்கொள்கிறது. புழங்கும் கை என்பதற்கான கூடுதல் மதிப்பு வெறும் 4 என்பது குறைதான். பெரிய குறை அதன் நோக்கத்தில் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் பேருந்துச் சலுகை, உதவித்தொகை, இடஒதுக்கீடு ஆகியவற்றுக்கு யார் தகுதி என்று பிரிப்பதற்காக உண்டானது. 40 சதவீதம் என்ற கோட்டுக்கு அந்தப்புறமா இந்தப்புறமா என்று சொல்வதே அதன் வேலை. ஒருவர் எவ்வளவு கூலியை இழந்தார் என்று சொல்ல அது பிறக்கவில்லை. அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் புகழ்பெற்ற வழிகாட்டி நூல் கையில் பெருவிரலுக்கு 40, ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் 20, மற்ற இரண்டுக்கும் 10 என்று பிரிக்கிறது. அதுவும் தன் எண்களை வேலையிழப்பின் அளவாக நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கிறது. அளவுகோலைச் செய்தவர்களே சொல்லும் எச்சரிக்கையை நாம் கேட்பதில்லை.

கேட்காததால் என்ன நடக்கிறது? தொப்பூர் கணவாயில் லாரி மோதிக் கை நசுங்கியவரின் வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவச் சான்றில் கைக்கு 45 என்று இருக்கும். எதிர்த்தரப்பு எழுந்து, இது கைக்கு மட்டும், முழு உடலுக்கு மூன்றிலொரு பங்கு, ஆகவே 15 என்று சொல்லும். அல்லது ஒரு சதவீதத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம், ஐந்தாயிரம் என்று ஒரு தொகையை வைத்துப் பெருக்கி முடித்துவிடும் வழக்கம், தமிழ்நாட்டு மோட்டார் விபத்து வழக்குகளில் நெடுநாளாக இருப்பது. மூன்றால் வகுப்பதற்கு உடற்கூற்றில் எந்த ஆதாரமும் இல்லை. உடல் எங்கே மூன்றாக இருக்கிறது? கூலிக்காரருக்குக் கைதான் முழு உடல். வயிறு, இதயம், கால் எல்லாம் அந்தக் கையை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் துணைகள். இந்த ஒரு வகுத்தல் கணக்கில் குடும்பத்தின் இருபது வருடக் கஞ்சி கரைகிறது.

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் ‘முழு இயலாமை’ என்பதற்குத் தந்த இலக்கணமே, விபத்து நடந்த நேரத்தில் அந்தத் தொழிலாளி செய்யக்கூடியவராக இருந்த எல்லா வேலைக்கும் அவர் இயலாதவர் ஆவது. அவர் செய்யக்கூடியவராக இருந்த வேலை; ஊரில் உள்ள எவரோ செய்யும் வேலை அல்ல. ஒடிசாவில் வேலை செய்த ஒரு தச்சர் இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தபோது, அட்டவணைப்படி அது பகுதி இயலாமைதான் என்று முதலாளி உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார். 1975 டிசம்பரில் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே இழப்பு நூற்றுக்கு நூறு. 2010 அக்டோபரில் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன், மோட்டார் விபத்து இழப்பீட்டைப் பற்றி, இதையே இன்னும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். உடலின் நிரந்தரக் குறை வேறு, சம்பாதிக்கும் திறனின் குறை வேறு. முதலில் காயம்பட்டவர் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பார்க்க வேண்டும். பிறகு அவர் முன்பு செய்த தொழிலைப் பார்க்க வேண்டும். அதன் பிறகே எண். இடது கை போனவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் இழப்பு ஏறக்குறைய நூறு. அரசு எழுத்தராக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம் என்று அவரே உதாரணமும் தந்தார். முதல் கேள்வியை மருத்துவர் சொல்ல வேண்டும், கடைசிக் கேள்வியைத் தீர்ப்பாயம் தீர்க்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே தொழிலைப் பார் என்று கேட்பவர் இரக்கம் கேட்கவில்லை, சட்டத்தைக் கேட்கிறார். பழைய சட்டத்தின் அட்டவணை 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ளும் வந்துவிட்டதால் இந்த வாதம் பழங்கதையும் ஆகிவிடவில்லை.

இப்போது சமத்துவம். ஒரே விரலுக்குக் கொத்தனாருக்கு ஒரு தொகை, குமாஸ்தாவுக்கு ஒரு தொகை என்றால் அது ஓரவஞ்சனை இல்லையா என்று கேட்பார்கள். இல்லை. இழப்பீடு என்பது விரலின் விலை அல்ல. விரலுக்கு விலை போடுவதாக இருந்தால் சமமாகப் போடலாம். வலிக்கும் அவமானத்துக்கும் அப்படிச் சமமாகவே போட வேண்டும் என்பேன். ஆனால் சம்பாதிக்கும் திறனுக்கு என்று சொல்லி எடுத்த கணக்கில், சம்பாத்தியம் முழுதும் போனவரையும் ஒரு ரூபாய்கூடக் குறையாதவரையும் ஒரே வரியில் நிறுத்துவது சமத்துவம் ஆகாது. அந்தச் சமன்பாட்டில் எப்போதும் தோற்பது ஒருவரே என்பதையும் கவனியுங்கள். படித்தவருக்குக் கை போனாலும் இன்னொரு வழி உண்டு. கையை மட்டுமே முதலாக வைத்துப் பிழைப்பவருக்கு இல்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை நான் பாதிக்கு மேல் ஏற்றுக்கொள்கிறேன். அட்டவணை ஏழைக்குக் காவல் என்பது அது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தன் வேலையின் நுணுக்கத்தை வக்கீல் வைத்து நிரூபிக்க வழியில்லாதவர், பெருவிரல் போனது என்று காட்டினாலே போதும், 30 சதவீதம் கிடைத்துவிடும். யாரும் அதைக் குறைக்க முடியாது. தொழிலை ஆராயப் புகுந்தால் அந்த ஆராய்ச்சியே அவருக்கு எதிராகத் திரும்பி, ‘நீ வேறு வேலை செய்யலாமே’ என்று 30-ஐ 10 ஆக்கிவிடும். இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் அட்டவணையைக் கிழித்துப் போடு என்று நான் சொல்லவில்லை. அது தரையாக இருக்கட்டும், கூரையாக வேண்டாம். அட்டவணையில் உள்ள எண்ணுக்குக் கீழே ஒருவரும் போகக் கூடாது, மேலே போக வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அட்டவணையில் இல்லாத காயங்களுக்கு மருத்துவர் அட்டவணையின் விகிதங்களை உரிய கவனத்தில் கொள்ள வேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது; அதற்கே கட்டுப்பட வேண்டும் என்று சொல்லவில்லை.

நடிப்பார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். சிலர் நடிக்கத்தான் செய்வார்கள். ஆனால் நடிப்புக்குப் பயந்து அளவையே சுருக்குவது, அளக்கத் தெரியாததை மறைக்கும் வழி. கைப்பிடி வலுவை அளக்கும் ஜாமர் கருவியில் ஐந்து அகலங்களில் பிடியை மாற்றி வைத்து அழுத்தச் சொல்வார்கள். மனம் வைத்து அழுத்துகிறவருக்கு நடு அகலத்தில் வலு ஏறி, இரண்டு பக்கமும் இறங்கும். வேண்டுமென்றே தளர்த்துகிறவருக்கு அந்த ஏற்ற இறக்கம் சரியாக வராமல் தட்டையாக நிற்பது வழக்கம். இது மட்டும் சாட்சி ஆகாது. பல அடையாளங்களில் ஒன்று. இரண்டு முனைகளை விரல் நுனியில் வைத்து அவை ஒன்றா இரண்டா என்று கேட்கும் சோதனையில், நல்ல விரல் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்தறியும். பெருவிரல் மேட்டில் சதை வற்றியிருப்பதை நடிக்க முடியாது. உள்ளங்கையில் காய்ப்பு எங்கே இருக்கிறது, எங்கே மெலிந்து போயிருக்கிறது என்று பார்த்தால் அந்தக் கை கடந்த சில மாதங்களில் உழைத்ததா இல்லையா என்பதை அதுவே சொல்லிவிடும். இவற்றுக்கு வேண்டியது பெரிய செலவு இல்லை. அரை மணி நேரப் பொறுமையும், அளக்கத் தெரிந்த ஒரு செயல்முறைச் சிகிச்சையாளரும். முகாமில் நீண்ட வரிசையைக் கடத்திவிடும் அவசரத்தில், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து எண் போடும்போதுதான் நடிப்பவர் தப்புகிறார், நேர்மையானவர் மாட்டிக்கொள்கிறார்.

நேரம் என்றதும் இன்னொன்று. அறுந்து தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் தைத்த நரம்பு விரல் நுனியைச் சேர ஆறு மாதம், அதற்கு மேலும் ஆகும். தசைநார் ஒட்டிக்கொண்டிருந்தால் விடுவிக்க மறு அறுவை தேவைப்படலாம். மூன்றாம் மாதத்தில் ‘நிரந்தரம்’ என்று போடும் எண் அதிகமாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். உறுதியாகத் தவறாக இருக்கும். கோரிக்கை வைக்கச் சட்டம் இரண்டு வருடம் அவகாசம் தருகிறது. ஆனால் கடன் இரண்டு வருடம் காத்திருக்காது. ஆகவே முதலில் அட்டவணைத் தரையைக் கையில் கொடுத்துவிட்டு, கை அமைதியடைந்த பிறகு முழுதாக அளப்பதே முறை.

‘அவர்தான் வேலைக்குத் திரும்பிவிட்டாரே’ என்ற வாதத்தைக் கேட்கும்போதுதான் எனக்கு மிகுந்த கோபம் வருகிறது. திரும்பாமல் என்ன செய்வார்? ஓசூர் ஆலையில் விரலை இழந்து ஊருக்கு வந்தவர், கொஞ்ச நாளில் ஏதோ ஒரு வேலைக்குப் போகிறார் என்பது கை குணமானதற்குச் சான்று இல்லை. அடுப்பு எரிய வேண்டியதற்குச் சான்று. எந்த வேலைக்குத் திரும்பினார் என்று கேட்க வேண்டும். இயந்திரம் ஓட்டியவர் காவல்காரராக, கொத்தனார் சித்தாளாக, நூற்றவர் கூட்டிப் பெருக்குபவராக ஆகியிருந்தால் அந்த இறக்கம்தான் இழப்பு. அதோடு, மற்றவர் எட்டு மணி நேரத்தில் முடிப்பதைப் பத்து மணி நேரத்தில், மனைவியையோ மகனையோ துணைக்கு வைத்துக்கொண்டு முடிக்கிறவர் கூலியில் குறைவு தெரியாது. அவர் இழப்பை வீட்டில் இருக்கும் இன்னொரு கை ஈடுகட்டுகிறது. அந்த இரண்டாவது கைக்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

சிறு பட்டறைக்காரர்களால் இதைத் தாங்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு: தாங்கத்தான் காப்பீடு இருக்கிறது. அதோடு, இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களைத் தடுப்பால் மூட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்லிப் பல காலம் ஆகிறது. மோதிர விரலுக்கு 7 சதவீதம், அதாவது முன்பு சொன்ன கணக்கில் 1,31,027 ரூபாய் என்று விலை உறைந்து கிடக்கும் வரையில், தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு உற்பத்தியைக் கூட்டுவது லாபக் கணக்காகவே இருக்கும். இழப்பை உள்ளபடி அளந்தால் தடுப்பு மலிவாகத் தெரியும்.

கட்டுரை தொடங்கிய திண்ணைக்கு இவை எதுவும் எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு; நிரந்தர இயலாமைக்கு ஆயுள் முழுதும் மாதப் பணம் உண்டு. வியாபாரி மூட்டையைப் போட்டுவிட்டுப் போக, வீட்டில் உட்கார்ந்து கிலோவுக்குத் தட்டித் தரும் பெண்ணுக்கு முதலாளி யார் என்றே காட்ட முடியாது. அவர் கை நசுங்கினால் மிஞ்சுவது அரசு மருத்துவமனைச் சான்றிதழ் ஒன்றுதான். அதில் 40-ஐத் தொடாவிட்டால் அதனாலும் பயனில்லை. அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் பெயருக்கு இடம் இருக்கிறது. தந்தை அல்லது கணவர் பெயருக்கு, பிறந்த தேதிக்கு, வீட்டு எண்ணுக்கு, புகைப்படத்துக்கு இடம் இருக்கிறது. எந்த உறுப்பு என்று எழுதவும், சதவீதத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதவும் கோடு போட்டிருக்கிறது. அந்தக் கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று எழுத ஒரு கோடு இல்லை. முதலில் அந்த ஒரு கோட்டைப் போடுங்கள். அதை நிரப்புவதற்காகவாவது மருத்துவர் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, “என்னம்மா வேலை செஞ்சீங்க, எப்படிப் பிடிப்பீங்க, செஞ்சு காட்டுங்க” என்று கேட்டாக வேண்டும்.